மாற்றும் உரிமையே மதிப்பு: நேசநாட்டு இராணுவ மார்க்கும் சேகரிப்பாளரின் கடமையும்

போருக்குப் பிந்தைய இராணுவ ஆக்கிரமிப்பு நோட்டுகளைப் பட்டியலிடும் கையேடுகள் முகமதிப்பு, வரிசை எண், அச்சகம், தாளின் நிலை ஆகியவற்றைத் தவறாமல் சொல்கின்றன. அந்த நோட்டை யார், எந்தப் பணமாக மாற்றிக்கொள்ள முடிந்தது என்பதற்கு அவற்றில் இடமில்லை. இவ்வகை நோட்டுகளைப் பொறுத்தவரை அதுவே தலையாய செய்தி என்பது என் வாதம். ஜெர்மனியில் புழங்கிய நேசநாட்டு இராணுவ மார்க் அதற்குப் போதிய சான்று தருகிறது.

'1944 வரிசை' என்ற குறிப்போடு அரை மார்க் முதல் 1000 மார்க் வரை எட்டு மதிப்புகளில் இது வெளிவந்தது. நோட்டில் தலைவர் படம் கிடையாது, வங்கியின் பெயர் கிடையாது, தொகையைத் தருவதாக உறுதிமொழியும் கிடையாது. நேசநாட்டு இராணுவ ஆணையத்தின் பெயரும், ஜெர்மனியில் புழக்கத்துக்கு விடப்பட்டது என்ற வாசகமும் ஜெர்மன் மொழியில் இருக்கும், அவ்வளவே. பழைய ரைஷ்மார்க்குக்குச் சமமாக அது செல்லுபடியானதற்கு இராணுவ ஆணை ஒன்றே பின்புலம்.

மேற்கு நாடுகளுக்கான நோட்டுகளை அமெரிக்காவில் மாஸசூசெட்ஸின் ஃபோர்ப்ஸ் அச்சகம் அச்சிட்டது. பூவேலைப்பாட்டின் சுருள்களுக்குள் 'எஃப்' என்ற எழுத்தைக் கடுகளவாக ஒளித்துவைத்தது. பூதக்கண்ணாடி இல்லாமல் அது அகப்படாது. சோவியத் அச்சில் அந்த எழுத்து இல்லை. வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருக்கும். கோட்டை மட்டும் நம்பி முடிவுகட்டாமல் 'எஃப்' உண்டா என்றும் பார்ப்பதுதான் பழகிய சேகரிப்பாளர்களின் வழக்கம்.

இந்தச் சிறு வேறுபாட்டுக்குப் பின்னால் பெரிய சர்ச்சை ஒன்று உண்டு. 1944இல் அமெரிக்கக் கருவூலம் அச்சுத் தகடுகளின் படிகளைச் சோவியத் யூனியனுக்குக் கொடுத்தது. தகடு கைமாறிவிட்டால் எத்தனை தாள் அச்சாகிறது என்று கணக்குவைக்க முடியாது என்று அமெரிக்க அரசு அச்சகத்தின் இயக்குநர் ஆல்வின் ஹால் எதிர்த்தார். எதிர்ப்பு எடுபடவில்லை. 1947இல் செனட் விசாரணை நடந்தது. கருவூல அதிகாரி ஹாரி டெக்ஸ்டர் வைட் மீது பின்னர் உளவுக் குற்றச்சாட்டு எழுந்ததும், தகடுகளின் கதை துரோகத்தின் கதையாகவே நிலைபெற்றுவிட்டது. கோடு போட்ட நோட்டைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர்கள் பலர் இன்றும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

அந்த விளக்கம் பாதிதான் சரி. நீண்ட காலச் சம்பளப் பாக்கியை மொத்தமாகப் பெற்ற சோவியத் வீரர்களுக்கு இந்த மார்க்கை ஊரில் ரூபிளாக மாற்ற வழியில்லை. ஆகவே கைக்கடிகாரம், சிகரெட் என்று கிடைத்ததையெல்லாம் கேட்ட விலைக்கு வாங்கினார்கள். விற்ற அமெரிக்க வீரரோ அதே மார்க்கை, டாலருக்கு 10 என்ற விகிதத்தில் தம் இராணுவத்தின் வழியாகவே டாலராக்கி வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. பெற்ற சம்பளத்துக்கு மேலாகவே பணம் தாயகம் போனது. கருவூலத்தில் ஓட்டை விழுந்த இடம் இந்த மாற்று விதிதான். சோவியத் அச்சு அந்த ஓட்டையைப் பெரிதாக்கியது, உண்டாக்கவில்லை.

இதற்கு வலுவான சான்று 1946 செப்டம்பர். அம்மாதம் அமெரிக்க இராணுவம் தன் வீரர்களுக்கு இராணுவச் சம்பளச் சான்றிதழ் என்ற தனி நோட்டைக் கொடுக்கத் தொடங்கியது. தகடுகள் சோவியத் வசமே இருந்தன, இராணுவ மார்க்கும் ஜெர்மனியில் தொடர்ந்து புழங்கியது. ஆனால் மார்க்கிலிருந்து டாலருக்குப் போகும் பாதை அடைபட்டதும் இழப்பும் நின்றது. தகடுதான் மூலகாரணம் என்போர் இதை எப்படி விளக்குவார்கள்?

புதிய நோட்டு இன்னொரு கொடுமைக்கு வழிவகுத்தது. கள்ளச்சந்தையை முடக்க, முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் பழைய வரிசையைச் செல்லாததாக்கிப் புதியதைக் கொடுப்பார்கள். வியட்நாமில் 1968 அக்டோபர் 21 அன்று 641ஆம் வரிசைக்கு நேர்ந்தது அதுதான். வீரர்களுக்கு மாற்றுநோட்டு கிடைத்தது. அதை வைத்திருக்க உரிமையில்லாத உள்ளூர்க்காரர் கையிலிருந்தது வெறும் காகிதமானது. ஒகினாவாவில் புழங்கிய 'பி' யென்னின் கதை வேறு. அங்கே பொதுமக்களின் பணமே அதுதான் என்பதால், 1958இல் டாலருக்கு 120 என்ற விகிதத்தில் அவர்களுக்கே மாற்றித் தரப்பட்டது. மூன்றும் ஆல்பத்தில் 'இராணுவ நோட்டு' என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்து இருக்கின்றன. வைத்திருந்தவர்கள் பட்ட பாடு மூன்று விதம்.

ஆகவே, மடிப்பில்லாத புத்தம்புது நோட்டுக்கே முதலிடம் என்ற சந்தை வழக்கத்தை ஆய்வுக்கான சேகரிப்பு ஏற்கக் கூடாது. மேற்கு மண்டலங்களில் 1948 ஜூன் 20 அன்று டாய்ச் மார்க் வந்தபோது சில்லறைத் தட்டுப்பாடு இருந்தது. அதனால் இராணுவ நோட்டில் அரை மார்க்கும் ஒரு மார்க்கும் மட்டும் பத்தில் ஒரு பங்கு மதிப்பில் சில காலம் செல்லுபடியாயின. அரை மார்க், ஐந்து பெனிக் சில்லறையாயிற்று. ஓரம் நைந்து, நடுமடிப்பு கிழிந்து, பின்புறம் ஒட்டுத்தாள் போட்ட அரை மார்க் நோட்டை வியாபாரிகள் கழிவுப் பெட்டியில் போட்டுவைத்திருப்பார்கள். மக்கள் கையில் அது உழன்றதற்கு அந்தக் கிழிசலும் ஒட்டும்தான் சான்று. பெட்டகத்திலிருந்து நேரே ஆல்பத்துக்கு வந்த 1000 மார்க் நோட்டிடம் அந்தச் சான்று கிடையாது. கையேட்டின் அடுத்த பதிப்பில் ஒவ்வொரு நோட்டுக்கும் நேரே இன்னும் மூன்று விவரம் சேர வேண்டும்: மாற்றும் உரிமை யாருக்கு இருந்தது, எந்த விகிதத்தில், எந்த நாள்வரை.