வீடு திரும்பும் காற்று

கெங்கவல்லிக்காரனுக்குக் கடல் தூரம். கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போகணும். ஆனால் ஊர்ப் பக்கமாகப் போகும் சுவேத நதி அங்கேதான் போகிறது. கொல்லிமலையில் பிறந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. வருஷத்தில் பாதி நாள் மணல்தான். சின்ன வயசில் ஒரு நல்ல மழைக்காலத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே தாத்தாவிடம், "இந்தத் தண்ணி எங்க போவுது?" என்று கேட்டேன். "கடலுக்கு." "திரும்பி வருமா?" அதற்குத் தாத்தா பதில் சொல்லவில்லை.

போவது ஒரு வழி, திரும்புவது வேறு வழி என்பது எனக்குப் புரிந்தது 2025 மே மாதம், ஒரு பாய்ப்படகின் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது.

ஐ.என்.எஸ்.வி. தாரிணி சுமார் 17 மீட்டர் நீளம். ஒன்றரை ஆம்னி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவாவில் கட்டப்பட்டது. அதில் இரண்டே பேர், இருவரும் கடற்படை அதிகாரிகள்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள் வழியாகக் காற்றை மட்டும் நம்பி உலகைச் சுற்றினார்கள். கேப் ஹார்னையும் தாண்டினார்கள். எல்லோரும் பேசியது அதைப் பற்றித்தான். எனக்கு என்னவோ கடைசிக் கட்டம்தான் பிடித்திருந்தது. ஏப்ரல் 15 அன்று கேப் டவுனிலிருந்து கிளம்பி மே 29 அன்று கோவா. 44 நாள். வீட்டுக்குப் போகும் வழி.

மேப்பில் பார்த்தால் சுலபம், வடகிழக்கே ஒரு கோடு. ஆனால் அந்தக் கோட்டில் படகு போகாது. ஆப்பிரிக்கக் கரையோரம் அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்காக, அதாவது எதிரே வருகிறது. அதனால் பாய்ப்படகுகள் பொதுவாக முதலில் தெற்கே இறங்கி, மேலைக்காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடும். வீட்டுக்குப் போக, முதலில் வீட்டுக்கு முதுகைக் காட்டணும். போதுமான கிழக்கு கிடைத்ததும் வடக்கே திரும்பினால் தென்கிழக்குக் காற்று தள்ளிக்கொண்டு வரும். பிறகு நிலநடுக்கோடு. அங்கே காற்றே இல்லாமல் பாய் தொங்கும் நாட்களும் உண்டு. இன்ஜினைப் போட்டு ஓட்டக்கூடாது என்று முடிவு செய்தவர்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. இதே தாரிணி 2018இல் ஆறு பெண் அதிகாரிகளோடு உலகைச் சுற்றித் திரும்பும்போது, ஸ்டீயரிங் கோளாறால் மொரீஷியஸில் ஒதுங்க நேர்ந்தது. முக்கால் உலகம் தாண்டியும் வீட்டு வாசலில் நிற்க வேண்டி வந்தது.

2025இல் இன்னொரு சிக்கல். கேரளத்தில் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். அந்த வருஷம் மே 24 அன்றே வந்துவிட்டது. மறுநாள் கொச்சிக்கு அப்பால் 184 மீட்டர் நீளமுள்ள எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் மூழ்கியது. அதற்கு நாலு நாள் கழித்துத்தான் தாரிணி கோவாவுக்குள் நுழைந்தது.

இன்றைக்கு சாட்டிலைட் இருக்கிறது, வானிலை அறிக்கை இருக்கிறது. ஆனாலும் பாயில் வருகிறவரின் தேதியைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்த தமிழ் வணிகர்களுக்கும் இதே கணக்குதான். சோழமண்டலக் கரையிலிருந்து தென்மேற்குக் காற்றில் கிழக்கே போவார்கள். திரும்ப வடகிழக்குக் காற்று வேண்டும். அதுவும் கார்த்திகைப் புயல்கள் ஓய்ந்த பிறகு, தை, மாசியில். நடுவில் சில மாதம் அந்நிய ஊரில் உட்கார்ந்திருக்கணும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

அந்தக் காத்திருப்பின் தடங்கள் கல்லில் இருக்கின்றன. சுமத்ராவில் லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு தன் ஆட்களுக்கு வகுத்த விதிகள் அதில் இருக்கின்றன. வந்து போகிற கப்பலுக்கு விதி எழுதணும் என்றால், எழுத அங்கே தங்கியிருக்கும் ஆள் வேண்டுமே.

அதைவிடப் பழையது தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த கல்வெட்டு. ஒன்பதாம் நூற்றாண்டு, மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலம். சில வரிதான், அதுவும் சிதைந்தது. நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் அங்கே ஒரு குளம் வெட்டினார், பெயர் அவனிநாரணம். அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலமாக விட்டார். நாங்கூர் எங்கே? பூம்புகார் பக்கம். எங்க ஆத்துத் தண்ணி கடலில் சேரும் பரங்கிப்பேட்டைக்குக் கொஞ்சம் தெற்கே.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குளம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பருவம் மட்டும் தங்குகிறவர் குளம் வெட்ட மாட்டார். அதே சமயம், கடைசிவரை இருக்கப்போகிறவர் அதை இன்னொருவர் கையில் அடைக்கலமாக ஒப்படைக்கவும் மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். பல வருஷம் இருந்துவிட்டார், இப்போது கிளம்புகிறார் என்றுதான் நான் படிக்கிறேன். இது என் ஊகம்தான். தன் முடிவு தெரிந்தவராகவும் அவர் இருந்திருக்கலாம்.

பெங்களூரிலிருந்து வெள்ளி ராத்திரி பஸ் ஏறினால் விடிகிறபோது ஆத்தூர். போன் நிமிஷக் கணக்கில் நேரம் காட்டும். பத்து நிமிஷம் தாமதமானால் எனக்கு எரிச்சல் வரும். இப்போதெல்லாம் அந்த எரிச்சல் வரும்போது நாங்கூர்க்காரர் ஞாபகம் வருகிறது. காற்று திரும்புவதற்காகக் காத்திருந்தவர், காத்திருந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளத்தை வெட்டி வைத்திருக்கிறார். அவர் வீடு திரும்பினாரா என்று கல் சொல்லவில்லை.