மேல்காது குத்தினால் ஆற ஏன் ஓராண்டு வரை ஆகிறது? புனேயின் 'புகடி' முதல் ஹீலிக்ஸ் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

புனே லக்ஷ்மி சாலை நகைக்கடைகளில் 'புகடி' என்று ஒரு நகை கிடைக்கும். காதின் மேல் விளிம்பில் போடும் மராத்தி நகை அது. 1959இல் வெளியான 'சாங்தே ஐகா' படத்தில் ஆஷா போஸ்லே பாடிய புகழ்பெற்ற லாவணியே, தவறி விழுந்த ஒரு புகடியைப் பற்றியதுதான். தமிழ்நாட்டிலும் இது புதிதில்லை. கொப்பு, முருகு என்று மேல்காதுக்கென்றே தனி நகைகள் நம் பாட்டிகளிடம் இருந்தன.

இப்போது அதே இடத்துக்குப் பெயர் 'ஹீலிக்ஸ்'. ஹிஞ்ஜவடியில் ஐடி வேலை பார்ப்பவர்கள், எஃப்.சி. சாலைப் பக்கம் படிக்கும் மாணவர்கள் என ஆண், பெண் இரு தரப்பும் குத்திக்கொள்கிறார்கள். ஆனால் கம்மல் குத்திய அனுபவத்தை அப்படியே மேல்காதுக்குப் பொருத்தினால் சிக்கல் வரலாம். கீழ்க்காதுக்கும் மேல்காதுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 2 அங்குலம் அல்ல. ரத்த ஓட்டம்தான் உண்மையான வித்தியாசம்.

மேல்காது ஆறுவதற்கு ஏன் இவ்வளவு நாள்?

கம்மல் போடும் கீழ்ப்பகுதி தோலும் கொழுப்பும் கொண்டது. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் பொதுவாக 6 முதல் 8 வாரங்களில் புண் ஆறிவிடும்.

அதற்கு மேலே, தொட்டால் விறைப்பாக இருக்கும் பகுதி குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. மேலே மெல்லிய உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. அந்த உறையில் ஓடும் ரத்தத்திலிருந்து கசிந்து வரும் ஊட்டம்தான் குருத்தெலும்புக்குச் சாப்பாடு. அதனால் காயம் மெதுவாகத்தான் ஆறும். 6 மாதம் முதல் 12 மாதம் வரை ஆவது சாதாரணம்.

வெளியே தோல் ஆறியதுபோலத் தெரிந்தாலும், உள்ளே துளையின் சுவர் முழுதாக உருவாகியிருக்காது. 'வலி போயிடுச்சு, மாத்திடலாம்' என்று 2 மாதத்தில் நகையை மாற்றுபவர்களுக்கு மறுபடியும் வீக்கம் வருவது இதனால்தான்.

பெரிய ஆபத்து எது?

'பெரிகாண்ட்ரைட்டிஸ்'. குருத்தெலும்பின் உறையில் ஏற்படும் தொற்று இது. உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சீழ் சேர்ந்தால் இரண்டும் பிரிந்துவிடும். ஊட்டம் நின்றால் குருத்தெலும்பு செத்துப்போகும். ஒருமுறை அழிந்தால் அது பழையபடி வளராது. காது சுருங்கி, வடிவமே மாறிவிடலாம்.

இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் 'சூடோமோனாஸ் ஏருஜினோசா' என்ற பாக்டீரியா. ஈரமான இடங்கள்தான் இதன் வீடு. குழாய், சிங்க், தேங்கிய தண்ணீர், சில நேரங்களில் கிருமிநாசினி பாட்டிலில்கூட இது வாழும்.

ஒரே கடையில் நடந்தது என்ன?

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்த சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். நகை விற்கும் ஒரு சிறிய கடையில் காது குத்திக்கொண்ட 118 பேரை சுகாதாரத் துறையினர் விசாரித்தார்கள். மொத்தம் 186 துளைகள். 7 பேருக்கு சூடோமோனாஸ் தொற்று உறுதியானது, 18 பேருக்கு சந்தேகம். உறுதியான 7 பேருமே மேல்காது குத்தியவர்கள், வயது 10 முதல் 19 வரை. 4 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, 4 பேருக்குச் சீழை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. சிலருக்குக் காதின் வடிவமே மாறிவிட்டது. இந்த ஆய்வு 2004இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது.

நோயாளிகளிடம் கிடைத்த அதே கிருமி அந்தக் கடையின் கிருமிநாசினி பாட்டிலிலும் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுக்கப்பட்ட ஆன்டிபயாடிக், சூடோமோனாஸ் மீது வேலை செய்யாத வகை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஒரு கடையில் நடந்த தொற்றுப் பரவல். 118இல் 7 என்பதை வைத்து 'மேல்காது குத்தினால் 6% பேருக்குத் தொற்று வரும்' என்று கணக்குப் போடக் கூடாது. இதில் கற்றுக்கொள்ள வேண்டியவை வேறு இரண்டு: ஒன்று, சுத்தமில்லாத கருவி. இன்னொன்று, தவறான மருந்தால் போன நாட்கள்.

துப்பாக்கியா, ஊசியா?

'துப்பாக்கியால் சுட்டால் குருத்தெலும்பு நொறுங்கிவிடும்' என்று பலரும் சொல்வார்கள். 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இறந்தவர்களின் காதுகளில் துப்பாக்கி, ஊசி இரண்டாலும் துளையிட்டு, நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். குருத்தெலும்புச் சேதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியென்றால் துப்பாக்கி ஓகேவா? இல்லை. பிளாஸ்டிக் உடல் கொண்ட துப்பாக்கியை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி அது. ஸ்பிரிட்டில் துடைப்பது அதற்கு ஈடாகாது. அதோடு துப்பாக்கியில் வரும் கம்மலின் தண்டு பெரும்பாலும் குட்டையானது. மேல்காது வீங்கினால் கம்மல் உள்ளே புதைந்துகொள்ளும். அதனால்தான் அமெரிக்காவின் தொழில்முறை பியர்சர்கள் சங்கம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியைப் பரிந்துரைக்கிறது.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

• ஊசி உங்கள் கண் முன்னே சீல் பிரிக்கப்படுகிறதா?
• நகை ஆட்டோகிளேவ் செய்யப்பட்டதா?
• கையைக் கழுவிப் புதிய கையுறை போடுகிறார்களா?
• நகை என்ன உலோகம்? உடலுக்குள் பொருத்தும் தர டைட்டானியம் (ஏஎஸ்டிஎம் எஃப்136) பாதுகாப்பான தேர்வு. நிக்கல் கலந்த 'ஃபேன்ஸி' கம்மல் அலர்ஜி தரும். ஐரோப்பிய ஒன்றியம் புதுத் துளையில் போடும் நகையிலிருந்து கசியும் நிக்கலுக்கு வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது.
• தண்டு வீக்கத்துக்கு இடம் விட்டு நீளமாக இருக்கிறதா? வீக்கம் வடிந்ததும் குட்டையான தண்டு மாற்றித் தருவார்களா?

'இதெல்லாம் கேட்டா என்ன நினைப்பாங்க' என்று தயங்க வேண்டாம். நல்ல பியர்சர் நீங்கள் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவார்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

சிறுவயதில் கம்மல் குத்தியபோது திருகாணியைத் தினமும் திருகச் சொல்லியிருப்பார்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள் வைத்திருப்பார்கள். மேல்காதில் இவை எதுவும் வேண்டாம். திருகும்போது உள்ளே உருவாகும் புதுத் தோல் கிழியும். எண்ணெய் அழுக்கைப் பிடித்து வைக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் 0.9% ஸ்டெரைல் சலைனால் தினமும் 1 அல்லது 2 முறை நனைத்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு சுத்தமான காஸ் துணியால் ஒற்றி உலர விடுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் எல்லாம் புதுத் திசுவையும் சேர்த்து எரிக்கும்.

புனே வாழ்க்கைக்கென்று சில விஷயங்கள் உண்டு:

• ஹெல்மெட்: டூவீலர் ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம் போடுங்கள். ஆனால் இரு கைகளாலும் பக்கவாட்டை அகட்டி, மெதுவாக மாட்டிக் கழற்றுங்கள்.
• ஹெட்ஃபோன்: காதை மூடி அழுத்தும் ரகத்தைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.
• மழைக்கால ட்ரிப்: ஜூன் முதல் செப்டம்பர் வரை லோனாவாலா அருவிகளும் அணைகளும் இழுக்கும். ஆறாத துளையோடு அந்தத் தண்ணீரிலோ நீச்சல் குளத்திலோ இறங்காதீர்கள்.
• தூக்கம்: குத்திய பக்கம் படுக்க வேண்டாம். முடியாவிட்டால் பயணத்துக்குக் கழுத்தில் போடும் தலையணையின் ஓட்டைக்குள் காது வருமாறு படுங்கள்.

எது சாதாரணம், எது ஆபத்து?

முதல் சில நாட்கள் லேசான வீக்கம், வலி, வெளிர் நிறக் கசிவு, காய்ந்த பொருக்கு எல்லாம் சாதாரணம்.

குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடினால், மேல்காது முழுவதும் சிவந்து சூடாகி வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் இருந்தால் அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மேல்காது முழுக்க வீங்கி, கீழ்க்காது மட்டும் வழக்கம்போல இருப்பது பெரிகாண்ட்ரைட்டிஸின் முக்கிய அடையாளம். புனேயில் அரசு சசூன் மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு இருக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பரவலாகப் பயன்படும் அமாக்ஸிசிலின் சூடோமோனாஸைக் கொல்லாது. 2 நாள் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் காதின் வடிவத்துக்கு விலையாகிறது. நகையையும் நீங்களாகக் கழற்ற வேண்டாம். தோல் மூடிச் சீழ் உள்ளே அடைபடலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கட்டி வந்தால் கெலாய்டா?

எல்லாக் கட்டியும் கெலாய்டு அல்ல. துளையின் ஓரத்திலேயே சின்னதாக நிற்பது பெரும்பாலும் உரசலால் வருவது. காரணத்தை நீக்கினால் அடங்கலாம். கெலாய்டு என்பது காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு. சில மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். கருமையான தோலில் இது அதிகம். உங்களுக்கோ பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கோ கெலாய்டு வந்திருந்தால், மேல்காது குத்தும் முன் தோல் மருத்துவரிடம் பேசுங்கள்.

யார் யோசிக்க வேண்டும்?

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், செயற்கை இதய வால்வு அல்லது பிறவி இதய நோய் உள்ளவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரத்த தானம் செய்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவின் தேசிய ரத்த மாற்றுக் குழுமத்தின் 2017 வழிகாட்டுதல்படி, உடலில் துளையிட்ட பிறகு 12 மாதங்கள் ரத்தம் கொடுக்க முடியாது.

கடைசியாக, கல்யாணத் தேதி பக்கத்தில் இருந்தால் அவசரப்பட்டுக் குத்த வேண்டாம். துளையே இல்லாமல் அழுத்தி மாட்டும் புகடி துளசிபாக் கடைகளிலேயே கிடைக்கிறது. நிஜத் துளைதான் வேண்டும் என்றால், விசேஷத்துக்கு ஓராண்டு முன்பே நாள் குறித்துவிடுங்கள்.