அகநோக்கு: லைப்சிக்கும் திருவண்ணாமலையும்

தன் மனத்தில் நடப்பதைத் தானே கவனிப்பது அகநோக்கு. உளவியல் தனி அறிவியலாகத் தலையெடுத்தது இந்த முறையோடுதான். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்தார். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் ஒலியைக் கேட்கையில் எழும் உணர்வு இதமா, இறுக்கமா, கிளர்ச்சியா என்று பிரித்துப் பார்த்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் வேங்கடராமன் பிறந்தார். 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டில் தனியே இருந்தபோது, நோய்நொடி ஏதுமில்லாமலே சாவு பயம் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் கைகால்களை விறைத்து நீட்டிப் படுத்தார். மூச்சை அடக்கினார், உதடுகளை இறுக்கினார். உடம்பு செத்தால் 'நான்' சாகிறேனா என்று உள்ளே பார்த்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. இதை ஆன்மிக நிகழ்ச்சி என்று மட்டுமே எழுதுவது வழக்கம்; அகநோக்கின் வரலாற்றிலும் இதற்கு உரிய இடம் தரப்பட வேண்டும். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்த அவரே பின்னாளில் ரமண மகரிஷி.

1902இல் தென்னார்க்காடு கலெக்டர் அலுவலக வருவாய்த்துறை ஊழியர் சிவப்பிரகாசம் பிள்ளை, அலுவல் நிமித்தம் திருவண்ணாமலை வந்த இடத்தில், ரமணர் இருந்த விரூபாட்ச குகைக்கு ஏறினார். தத்துவம் படித்த பட்டதாரி அவர். அக்காலக் கல்லூரிகளில் உளவியலும் தத்துவத்துக்குள் அடங்கிய பாடம்தான். ரமணர் அப்போது பேசுவதில்லை. சைகையாலும், அது புரியாதபோது எழுத்தாலும் பதில் சொன்னார். அந்தக் கேள்வி பதில்களே 1923இல் 'நான் யார்?' என்ற சிறுநூலாயின. கோபம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லைப்சிக் மரபு அந்தக் கோபத்தின் கூறுகளை ஆராயும். ரமணரோ அதன் பின்னால் போகாமல், அது யாருக்கு வந்தது என்று கேட்கச் சொல்கிறார். 'எனக்கு' என்று பதில் வந்தால் அந்த 'நான்' எங்கிருந்து எழுகிறது என்று தேடச் சொல்கிறார்.

மேற்கில் இதற்குள் அகநோக்கு மதிப்பிழந்திருந்தது. ஒருவர் உள்ளே கண்டதை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் முடிவுகள் மோதின. 1913இல் ஜான் வாட்சன், வெளியே தெரியும் நடத்தை ஒன்றே உளவியலின் பொருள் என்றார். ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வோ, மனம் தன்னையே மறைத்துக்கொள்ளும் என்றது. இரண்டும் நியாயமான எதிர்ப்புகள். ஆனால் பார்ப்பவர் யார் என்ற கேள்வியை அவை தொடவில்லை.

தொட்டவர் உளவியலாளர் கார்ல் யுங். இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக 1937 இறுதியில் இந்தியா வந்த அவர், சென்னை வரை வந்தும் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. வேண்டுமென்றே தவிர்த்ததாகப் பின்னர் எழுதினார். ஆனாலும் இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிக் சிம்மர் ரமணரைப் பற்றி எழுதி 1944இல் வெளிவந்த ஜெர்மன் நூலுக்கு முன்னுரை தந்தார். 'நான்' முற்றிலும் கரைவதை அவரால் ஏற்க முடியவில்லை.

பின்னாளில் மூளை ஆய்வும் இந்த 'நான்' பக்கம் திரும்பியது. 2011இல் ஆய்வாளர் ஜட்சன் புரூவர் குழுவினர், தேர்ந்த தியானிகளின் மூளையில், தன்னைப் பற்றிய நினைவோட்டத்தோடு தொடர்புடைய பகுதிகள் அடங்கியிருப்பதை ஸ்கேனில் கண்டனர். அவர்கள் பயின்றது வேறு தியான முறைகள். 'நான்' எங்கிருந்து எழுகிறது என்று தேடும் ரமணரின் ஆன்ம விசாரம் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை.