நாவாயும் நேவியும்

ஆங்கிலத்தில் வழங்கும் 'நேவி' என்ற சொல் நமது 'நாவாய்' என்பதிலிருந்தே பிறந்தது என்று எழுதுவோரும் மேடைகளில் முழங்குவோரும் நம்மிடையே பலர் உளர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால் அச்சொல்லின் வரலாறு வேறு வழியாகச் செல்கின்றது.

கப்பலைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'நாவிஸ்'. அதன்வழி பழைய பிரெஞ்சு மொழியில் தோன்றிய சொல்லே 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தினுள் புகுந்தது. வடமொழியின் 'நௌ' இலத்தீன் சொல்லுக்கு உடன்பிறப்பு. நாவாயும் அந்த வடமொழிக் கிளையிலிருந்து வந்ததே என்பர் மொழியியலாளர் பலர். தேவநேயப் பாவாணர் போன்றோர் அதைத் தமிழ்ச் சொல்லென்றே கொண்டனர். எவ்வாறாயினும், புறநானூறும் பட்டினப்பாலையும் ஆண்ட ஒரு சொல்லின் பெருமைக்கு ஆங்கிலேயரின் சான்றிதழ் எதற்கு?

இதைவிடச் சுவையான செய்தி ஒன்றுண்டு. 'நேவி' தொடக்கத்தில் படையைக் குறிக்கவில்லை. கப்பற் கூட்டத்தையே குறித்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம், சாலொமோன் மன்னன் செங்கடற்கரையில் கட்டுவித்த கப்பல்களை இச்சொல்லாலேயே சுட்டுகின்றது. அவை போருக்குப் போகவில்லை. ஓப்பீருக்குச் சென்று பொன் கொண்டுவந்தன. அம்மன்னனின் தர்ஷீசுக் கப்பல்கள் யானைத் தந்தமும் குரங்குகளும் மயில்களும் ஏற்றிவந்தன. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் நமது 'தோகை'யே என்பது கால்டுவெல்லின் வாதம். பெருமை தேடுவோர் நாவாயை விட்டுத் தோகையைப் பிடித்திருக்கலாம்!

அரசுகள் நிரந்தரப் போர்க்கப்பல்களை வைத்திருக்கத் தொடங்கிய பின்னர் சொல்லின் பொருள் சுருங்கியது. பழைய பொருளின் எச்சம் 'மேர்ச்சன்ட் நேவி' என்பதில் மட்டும் நிற்கின்றது. முதல் உலகப் போரில் சரக்குக் கப்பல் மாலுமிகள் ஆற்றிய பணியைப் போற்றி, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் வழங்கிய பெயர் அது. இதனை 'வணிகக் கடற்படை' என்று மொழிபெயர்த்து வரும் செய்திகளைக் காணும்போதெல்லாம் 'வணிகக் கப்பற்றுறை' என்று திருத்தியிருக்கின்றேன். அவர்கள் படையினர் அல்லர். சரக்கேற்றிச் சென்ற தொழிலாளர். இரண்டாம் உலகப் போரில் அவர்கள் பல்லாயிரக்கணக்கில் கடலில் மாண்டனர். அவர்களுள் பிரித்தானியக் கப்பல்களில் வேலை செய்த இந்தியர்களும் அடங்குவர்.

'கடற்படை' என்ற நமது சொல்லில் கடலும் படையும் உண்டு, கப்பல் இல்லை. சிங்களத்தின் 'நாவிக ஹமுதாவ' கப்பலைக் கைவிடவில்லை. 1950 டிசம்பர் 9ஆம் திகதி உருவாகி, 1972இல் நாட்டின் பெயரோடு தானும் பெயர் மாறிய அப்படையைத் தமிழ்ப் பத்திரிகைகளில் நாம் 'கடற்படை' என்றே எழுதிவந்தோம். வடக்கின் கரையோர மக்களோ அப்படி அழைத்ததில்லை. அவர்களுக்கு அது 'நேவி'தான். 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், கடல்வலயத் தடைகளுக்கிடையே வள்ளங்களைக் கரையேற்றிவிட்டிருந்தவர்களிடம் விசாரித்தால், "நேவி நிக்குது" என்பார்கள். அன்று தொழில் இல்லை என்பது அதன் பொருள்.