பத்திரம் இல்லாத வாகனத்துக்கு மதிப்பீடும் பிணைமுறியும்: டெக்சாஸ் நடைமுறை சொல்லும் பாடம்

வாகனம் கையில் இருக்கிறது, பத்திரம் இல்லை. இந்த நிலைமையை வன்னி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் பகுதியில் கைவிடப்பட்ட மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததை நாம் கண்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்த சிலர் அந்தக் குவியலில் தமது வாகனத்தை அடையாளம் கண்டார்கள். அவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது பதிவுப் புத்தகம்தான். அது வாகனத்துக்கு முன்னரே எரிந்துபோயிருந்தது.

நான் இப்போது வசிக்கும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பத்திரம் இல்லாமல் வாகனம் வைத்திருப்பவருக்கு ஒரு சட்டவழி உண்டு. பெயர் ‘பொண்டட் டைட்டில்’. பிணைமுறியின் பேரில் வழங்கப்படும் உரிமைப் பத்திரம் என்று சொல்லலாம். 1991ஆம் ஆண்டுப் பிக்கப் ஒன்றுக்கு நான் இவ்வழியில் பத்திரம் எடுத்தேன். அதை எனக்கு விற்ற முதியவர் பற்றுச்சீட்டு எழுதித் தந்துவிட்டு, பத்திரத்தைத் தேடித் தருவதற்கு முன்னரே காலமாகிவிட்டார். இங்கு பழைய வாகனம் வாங்கும் எம்மவருக்கு உதவும் என்பதற்காகவும், ஊரில் இருப்போர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவும் நடைமுறையை எழுதுகிறேன்.

பிணைமுறி எதற்காக?

எங்கள் நாட்டில் பிணைமுறி என்றதும் மத்திய வங்கி விவகாரம்தான் நினைவுக்கு வரும். இது வேறு. “இந்த வாகனத்துக்கு வேறொருவர் உரிமை கோரி, அதனால் அவருக்கு நட்டம் ஏற்பட்டால், அதை ஈடுசெய்வோம்” என்று ஒரு பிணை நிறுவனம் அரசுக்குக் கொடுக்கும் உத்தரவாதம் இது. டெக்சாஸ் போக்குவரத்துச் சட்டக்கோவையின் 501.053ஆம் பிரிவின்படி, வாகனத்தின் பெறுமதியின் ஒன்றரை மடங்குத் தொகைக்குப் பிணைமுறி இருக்க வேண்டும். அது 3 ஆண்டுகளில் காலாவதியாகும்.

இது உங்களுக்கான காப்புறுதி அல்ல. உண்மையான உரிமையாளர் வந்து, பிணை நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்தால், அந்தப் பணத்தை அது உங்களிடமே அறவிடும். ஆகவே, களவு வாகனமாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இந்த வழிக்கு வரக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியவை

பதிவிலுள்ள உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடிந்தால் பிணைமுறி தேவையில்லை. அவர் வீ.ரி.ஆர்.-34 படிவத்தை நிரப்பி, தொலைந்த பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து உங்களுக்கு மாற்றித் தரலாம். அதுவே மலிவான வழி.

அது முடியாவிட்டால் பிணைமுறி. விண்ணப்பிப்பவர் டெக்சாஸ் வாசியாகவோ அங்கு பணியிலுள்ள படையினராகவோ இருக்க வேண்டும். வாகனம் அவரிடம் இருக்க வேண்டும். களவு போனது, கைவிடப்பட்டது, திருத்த முடியாதது என்று பதிவானது, வழக்கில் சிக்கியது ஆகியவை இதற்குள் வராது. வாகனத்தின் மீது கடன் பதிவாகியிருந்து, அது 10 ஆண்டுகளுக்கு உட்பட்டதாயின், கடன் தீர்ந்ததற்கான கடிதம் வேண்டும்.

வீ.ரி.ஆர்.-130-எஸ்.ஓ.எஃப். என்ற படிவத்தில், வாகனம் எப்படி உங்களிடம் வந்தது, பத்திரம் ஏன் இல்லை என்பதை எழுத வேண்டும். அதனுடன் அடையாள அட்டைப் பிரதி, பற்றுச்சீட்டு போன்ற கையிலுள்ள சான்றுகள், 15 டொலர் கட்டணம் ஆகியவற்றை மோட்டார் வாகனத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் முன்னர் பதியப்படாத வாகனமாயின், செசி இலக்கத்தை அதற்குரிய பொலிஸ் அதிகாரி நேரில் பரிசோதித்து வீ.ரி.ஆர்.-68-ஏ படிவத்தில் ஒப்பமிட வேண்டும்.

பெறுமதி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது?

நீங்கள் கொடுத்த விலையைக் கொண்டு பெறுமதி தீர்மானிக்கப்படுவதில்லை. முதலில் திணைக்களத்தின் இணையத்தளத்திலுள்ள நியமப் பெறுமதியைப் பார்ப்பார்கள். செசி இலக்கத்தையும் ஓடிய மைல்களையும் பதிந்தால் அது தெரியும். அங்கு இல்லையெனில் நாடளாவிய விலை வழிகாட்டி ஒன்றைப் பார்ப்பார்கள். அதிலும் இல்லாவிட்டால்தான் மதிப்பீடு. 25 ஆண்டுகளும் அதற்கு மேலும் பழைமையான வாகனத்துக்கும் மதிப்பீடு செய்விக்கலாம்.

மதிப்பீட்டை இருவர் செய்யலாம். ஒருவர், அந்த வகை வாகனத்தை விற்க டெக்சாஸில் அனுமதிப்பத்திரம் பெற்ற விற்பனையாளர். மோட்டார் சைக்கிள் மட்டும் விற்பவர் பிக்கப்பை மதிப்பிட முடியாது. மற்றவர், அனுமதிப்பத்திரமுள்ள காப்புறுதி இழப்பு மதிப்பீட்டாளர். இவர் எந்த வாகனத்தையும் மதிப்பிடலாம். தெரிந்த மெக்கானிக் எழுதித் தரும் கடிதம் செல்லாது. படிவம் வீ.ரி.ஆர்.-125. விற்பனை வரிக்காகப் பெறுமதியைக் குறைத்துக் காட்டப் பயன்படும் 14-128 என்ற மதிப்பீட்டுப் படிவம் வேறு. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வீண் அலைச்சல்.

மதிப்பீட்டாளரிடம் போகும்போது செசி இலக்கம், மைல் அளவு, துரு, ஓடாத பாகங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். படங்களும் எடுத்து வையுங்கள். என் பிக்கப்பை விற்பனையாளர் 1,500 டொலர் என மதிப்பிட்டார். ஆனால் 25 ஆண்டு கடந்த வாகனத்தின் மதிப்பீடு 4,000 டொலருக்குக் குறைந்தால், 4,000 என்றே கணக்கிடுவது விதி. அதன் ஒன்றரை மடங்கு 6,000. அந்தத் தொகையை நான் கட்டவில்லை. 6,000 டொலர் பிணைமுறிக்குக் கட்டுப்பணமாக 100 டொலர் மட்டும் செலுத்தினேன்.

அறிவித்தல் வந்த பின்

திணைக்களம் பிணைமுறித் தொகையைக் குறிப்பிட்டு அறிவித்தல் அனுப்பும். அந்தத் திகதியிலிருந்து ஓராண்டுக்குள் பிணைமுறி வாங்க வேண்டும். வாங்கிய 30 நாட்களுக்குள், 130-யூ என்ற உரிமைப் பத்திர விண்ணப்பத்துடன் கவுன்ரி வரி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அந்த அலுவலகத்தில் விசாரணை கோரலாம்.

படகுக்கு வேறு அலுவலகம். டெக்சாஸ் பூங்காக்கள் மற்றும் வனவிலங்குத் திணைக்களமே படகுகளைப் பதிகிறது. அங்கு படகுக்கு ஒரு பத்திரம், வெளியிணைப்பு இயந்திரத்துக்குத் தனியாக இன்னொரு பத்திரம். எனவே படகு வாங்குவோர் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

எமக்கு இதில் என்ன?

இங்கு என்னிடம் யாரும் காலமானவரின் கையொப்பத்தைக் கொண்டுவரச் சொல்லவில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். பொருளுக்கு ஒரு பெறுமதி வைத்தார்கள். வேறு உரிமையாளர் வந்தால் அவர் நட்டப்படாதிருக்கப் பிணை கேட்டார்கள், அந்தப் பிணைக்கும் ஒரு கால எல்லை வைத்தார்கள். தொலைந்த கடதாசி இல்லாமலே இரு பக்கத்தையும் பாதுகாக்க முடிகிறது.

இலங்கையில் போரின் பின்னர் இப்படிச் சிந்தித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், போரினால் தம் காணிக்காக வழக்காட முடியாமற்போனவர்களுக்கு, இழந்த காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. ஆனால் அது காணிக்கு மட்டுமானது. ‘ஓபன் பேப்பரில்’ உழவு இயந்திரம் வாங்கியவருக்கு, பதிவிலுள்ள உரிமையாளர் இறந்தோ காணாமற்போயோ இருந்தால், அது உதவாது. எமது மக்கள் பிரதிநிதிகளும் சட்டத்தரணிகளும் வாகனங்களுக்கும் படகுகளுக்கும் இத்தகைய ஒரு வழியைக் கோரலாம். முன்மாதிரி இருக்கிறது.

அதுவரை, பழைய வாகனமோ படகோ வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். விற்றவரின் ஒப்பத்துடன் கூடிய பற்றுச்சீட்டின் பிரதியை வேறொரு வீட்டிலும் வையுங்கள். வாங்கியதை நேரில் கண்ட இருவரின் சத்தியக்கடதாசியை, அவர்கள் உயிருடன் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டு அலுவலகமும் முதலில் கேட்பது, பொருள் எப்படி உங்களிடம் வந்தது என்பதைத்தான்.