அரை மனிதர்: ஒரு மேசை விளையாட்டின் பிறப்பு அட்டவணைகள்

1974ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு வெளியாயிற்று. மேசையைச் சுற்றி அமர்வோர் ஒவ்வொருவரும் ஒரு புனைவுப் பாத்திரத்தை ஏற்பர். நடுவரொருவர் கதையை நடத்துவார். ஐயத்துக்குரிய செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். வெறும் பொழுதுபோக்கு என இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஒரு சமுதாயம் பிறப்பைப் பற்றித் தன்னையறியாது கொண்டுள்ள எண்ணங்களை எண்களாகவே எழுதிவைத்த ஆவணங்கள் இதன் விதிநூல்கள். நாவலில் மறைந்து கிடப்பது இங்கே அட்டவணையாக வெளிப்பட்டு நிற்கிறது. கலப்புப் பிறப்புடைய பாத்திரங்களை இவ்விதிகள் நடத்திய முறையே ஈண்டு நோக்கப்படுகின்றது.

முதல் நூலில் மனிதன் எத்தொழிலிலும் எல்லையின்றி உயரலாம். குள்ளர் குலத்துப் போர்வீரனோ ஆறாம் படியுடன் நின்றுவிடவேண்டும். 1975இல் வெளிவந்த ‘கிரேஹோக்’ என்ற அநுபந்தம் அரை எல்ஃபைச் சேர்த்தது. 1978ஆம் ஆண்டுக் கைந்நூலில் அரை ஓர்க் இடம்பெற்றது. அதன் வலிமைக்கும் உடலுறுதிக்கும் ஒவ்வொரு புள்ளி கூட்டப்பட்டது. கவர்ச்சியில் இரு புள்ளிகள் கழிக்கப்பட்டன. அது தடையின்றி உயரக்கூடிய தொழில் ஒன்றே: கூலிக்கொலை. ஓர்க்–மனிதக் கலப்பினருள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினரே மனிதர்போலத் தோன்றக்கூடியவர் என்றும், விளையாடுவோர் ஏற்கும் பாத்திரங்கள் அவர்களே என்றும் அந்நூல் விளக்கியது. வெள்ளையராகத் தோன்றி வாழ்ந்த கலப்பினக் கறுப்பரின் வரலாற்றை அறிந்த அமெரிக்க வாசகருக்கு இவ்விளக்கம் புதியதாயிருந்திராது.

பெயர்களையும் ஒருகணம் நோக்குக. அரை எல்ஃப், அரை ஓர்க் எனின் மற்றைய அரை யாது? மனிதன். அதனைச் சொல்லவேண்டிய அவசியம் எவருக்கும் தோன்றவில்லை. அளவுகோலாக இருப்பவன் அளக்கப்படுவதில்லை; விலகலே பெயர் பெறுகிறது. ‘அரை மனிதன்’ என்று இதே பாத்திரத்தை எல்ஃபுகள் அழைக்கும் உலகொன்று இவ்விதிநூலுக்கு வெளியே இருந்தது.

இவ்விளையாட்டு பெரிதும் கடன்பட்ட டோல்கீனின் படைப்பிலே நிலைமை வேறு. அங்கு எல்றொண்ட், எல்றொஸ் என்னும் சகோதரர் இருவருக்கும் தம் ஊழைத் தெரிந்துகொள்ளும் உரிமை வழங்கப்படுகிறது. முன்னவன் எல்ஃபாகவும் பின்னவன் மனிதனாகவும் வாழத் துணிகின்றனர். அது உயர்குடிப் பிறப்பின் சலுகை என்பது உண்மைதான். சருமானின் படையிலுள்ள அரை ஓர்க்குகளுக்கு அத்தகைய தெரிவெதுவும் கிடையாது. எனினும் அங்கே கலப்பு ஒரு கதையாகவேனும் இருந்தது. விளையாட்டோ அதனைக் கூட்டல் கழித்தலாக்கிற்று.

இப்பின்னக் கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் 1850 தொடக்கம் 1920 வரை, 1900ஆம் ஆண்டு நீங்கலாக, ‘முலாட்டோ’ என்ற வகை இருந்தது. 1890இல் காற்பங்கு, அரைக்காற்பங்கு கறுப்பரும் தனித்தனியே எண்ணப்பட்டனர். 1924ஆம் ஆண்டு வேர்ஜீனியாச் சட்டம் கலப்பு மணத்தைக் குற்றமாக்கியது. அதனை உச்ச நீதிமன்றம் 1967இலேயே நீக்கிற்று. அதற்கு ஏழாண்டுகளின் பின்னரே நமது விளையாட்டு வெளியாயிற்று. சட்டத்தை விளையாட்டு அப்படியே பிரதிபலித்தது எனக் கூறின் அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகிவிடும். விதி எழுதியோர் மனிதரை மையமாகக் கொண்ட உலகொன்றையே நாடினர். ஆயின், பிறப்பைப் பின்னமாகச் சிந்திக்கும் கருவி அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஆயத்தமாக இருந்தது.

1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அரை ஓர்க்கும் கொலைஞர் தொழிலும் கைந்நூலிலிருந்து நீக்கப்பட்டன. அரை எல்ஃப் தப்பிக்கொண்டது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் அரை ஓர்க் மீண்டது; படியெல்லைகளும் ஒழிந்தன. முந்திய ஆண்டிலேதான் வெளியீட்டு நிறுவனம் ஹஸ்ப்ரோ என்னும் பெருநிறுவனத்தின் உடைமையாகியிருந்தது. எல்லாப் பாத்திரமும் எல்லோருக்கும் விற்பனைக்குரியதாகும் சந்தையிலே, பிறப்புத் தடை வாங்குவோனுக்கு இடையூறேயாம். எனினும் அரை ஓர்க்கின் அறிவிலும் கவர்ச்சியிலும் இவ்விரு புள்ளிகள் இப்பதிப்பிற் குறைக்கப்பட்டன. சந்தை கதவைத் திறந்தது, அட்டவணையைத் தொடவில்லை.

2020 ஜூனில், ஓர்க்குகளைச் சித்திரித்த முறை மெய்யுலக மக்கட் குழுமங்கள் இழிவுபடுத்தப்பட்டமையை நினைவூட்டுவதாக வெளியீட்டாளரே ஒப்புக்கொண்டனர். 2024ஆம் ஆண்டுக் கைந்நூலில் ஆற்றற் புள்ளிகள் பிறப்பிலிருந்து பிரிக்கப்பட்டு, உழவர், படைவீரர் போன்ற வாழ்க்கைப் பின்னணிகளோடு இணைக்கப்பட்டன. மனிதனை அவனுடைய உழைப்பு உருவாக்குகிறது என்பாருக்கு இது உவப்பான மாற்றமே. ‘ரேஸ்’ என்ற சொல் நீங்கி ‘ஸ்பீஷீஸ்’ வந்தது. தமிழிலே இம்மாற்றத்தைப் பெயர்க்க முயல்வோர் திகைப்பர். இரண்டும் நமக்கு ‘இனம்’ தான். நமது உயிரியற் பாடநூல்கள் இனத்துக்கு மேற்பட்ட பகுப்பைச் ‘சாதி’ என்றே வழங்குவதையும் இங்கு நினைக்கலாம்.

இதே கைந்நூலில் அரை எல்ஃபும் அரை ஓர்க்கும் இல்லை. பழைய நூலைக்கொண்டு விளையாட இசைவுண்டு. புதிய பட்டியலிலோ எல்ஃப் உண்டு, ஓர்க் உண்டு, இடைப்பட்டவருக்குப் பெயரில்லை. இழிவுபடுத்தும் பெயரை அகற்றுவதும் அப்பெயருக்குரியோரை அகற்றுவதும் ஒன்றல்ல. போட்டி விளையாட்டான ‘பாத்ஃபைண்டர்’ 2023இல் வேறு வழியை நாடியது. எல்ஃப் கலப்பினருக்கு ‘ஐயூவரின்’ என்றும் ஓர்க் கலப்பினருக்கு ‘ட்ரோமார்’ என்றும் சொந்தப் பெயர்களைத் தந்தது. அம்மரபுகள் மனிதரோடு மட்டும் பிணைக்கப்படவில்லை. குள்ளர் குலத்தவரும் ட்ரோமாராகலாம். மனிதன் பங்குகொள்ளாத கலப்பொன்று அங்கே எழுதப்பட்டுள்ளது.