நொய்யலில் தூண்டில்

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. ஆற்றங்கரை ஊர்களில் மீன்பிடிக்க அதிகச் செலவு இருந்ததில்லை. மூங்கில் கம்பு, நரம்பு, முள், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, இரைக்கு மண்புழு. தக்கை அமிழ்ந்ததும் கம்பைச் சுண்டி இழுத்தால் கெண்டையோ கெளுத்தியோ கரையேறும்.

1980களில் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகியது, சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தியில் சாயம் ஏற ஏராளமான உப்பு தேவை. அந்த உப்பு சாயக்கழிவோடு ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமானது. நன்னீர் மீனுக்கும் பயிருக்கும் அந்த நீர் உதவவில்லை.

விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின.

இன்று குறைந்த விலை மீன்பிடி ரீல்கூடக் கடையில் கிடைக்கிறது. ஆனால் தூண்டிலுக்கு முதல் தேவை மீன் வாழும் நீர். இந்த வட்டாரத்தில் அந்த நீருக்கு உடுமலை அருகே 1957இல் கட்டிமுடிக்கப்பட்ட அமராவதி அணை பெயர்பெற்றது. அங்கு ஜிலேபி மீன் பெருமளவில் பிடிக்கப்பட்டு வந்திருக்கிறது.